கொடுத்தவரிடம் யார் குறை சொல்வது?

2010 ஜூனில் உலகின் மிகப் பெரிய தனியார் அறக்கட்டளை தன்னைப் பற்றிய கசப்பான செய்தி ஒன்றைத் தானே வெளியிட்டது. சியாட்டிலில் இயங்கும் பில் & மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளையிடம் நிதி பெற்றிருந்த அமைப்புகளிடையே முந்தைய ஆண்டு ஒரு கருத்தாய்வு நடந்திருந்தது. அப்போதைய தலைமை நிர்வாகி ஜெஃப் ரெய்க்ஸ் அதன் முடிவுகளை ஒரு கடிதமாக எழுதிப் பொதுவில் வைத்தார். அறிவுத்துறைகளிலும் அரசுக் கொள்கைகளிலும் அறக்கட்டளை ஏற்படுத்தும் தாக்கத்தை நிதி பெற்றவர்கள் மதித்தார்கள். ஆனால் அதன் நோக்கமும் வழிமுறையும் தங்களுக்குப் பிடிபடவில்லை என்றார்கள். தங்கள் வேலையை அது புரிந்துகொள்ளவில்லை என்றார்கள். முடிவுகளை யார் எடுக்கிறார்கள், எப்படி எடுக்கிறார்கள் என்பதே குழப்பம் என்றார்கள். மற்ற அறக்கட்டளைகளோடு ஒப்பிட்டபோது பல கேள்விகளில் கேட்ஸ் அறக்கட்டளை பின்தங்கி நின்றது.

இதே ஆட்கள் அறக்கட்டளையின் அலுவலரை நேரில் சந்தித்தபோது இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு நிதி அவர் கையெழுத்தில் இருக்கிறது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று நம் ஊரில் பெரியவர்கள் சொல்வதுண்டு. வாங்குகிறவர் வாய் திறக்கக் கூடாது என்கிற அந்த ஒழுங்கு எல்லா நாட்டிலும் உண்டு. கொடையுலகில் பணம் எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையை நோக்கியே அறிக்கைகளும் போகின்றன. பணம் போய்ச் சேரும் இடத்திலிருந்து திரும்பி வருவது பெரும்பாலும் நன்றிக் கடிதம்தான்.

அந்த மௌனத்தைக் கலைத்தது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2001இல் தொடங்கப்பட்ட 'சென்டர் ஃபார் எஃபெக்டிவ் ஃபிலாந்த்ரபி' என்ற அமைப்பு. அது செய்த காரியம் பார்வைக்கு எளியது. ஓர் அறக்கட்டளையிடம் நிதி பெற்ற எல்லா அமைப்புகளுக்கும் வெளியாளாக நின்று ஒரே மாதிரியான வினாத்தாளை அனுப்பும். யார் என்ன சொன்னார்கள் என்பது அறக்கட்டளைக்குத் தெரியாது. பதில்களைத் தொகுத்து, மற்ற அறக்கட்டளைகள் பெற்ற மதிப்பெண்களின் நடுவே வைத்துக் காட்டும். 2003 முதல் இப்படி, கேட்ஸ் அறக்கட்டளை உட்பட, நூற்றுக்கணக்கான அறக்கட்டளைகள் தங்களை அளந்து பார்த்திருக்கின்றன.

இந்த ஒப்பீட்டில்தான் முறையின் உயிர் இருக்கிறது. ஏழு புள்ளி அளவுகோலில் மதிப்பிடச் சொன்னால், நிதி பெற்றவர்கள் ஏறக்குறைய எல்லா அறக்கட்டளைக்கும் தாராளமாக ஐந்து, ஆறு என்று போடுகிறார்கள். பெயர் மறைக்கப்பட்டாலும் நன்றியுணர்வு போய்விடுவதில்லை. தனியாகப் பார்த்தால் ஆறு என்பது வெற்றி. மற்ற அறக்கட்டளைகளில் முக்கால்வாசிக்கு அதைவிட அதிகம் கிடைத்திருக்கிறது என்று தெரியும்போதுதான் அதே ஆறு ஒரு குறைப்பட்டியல் ஆகிறது. நம் ஊரில் பயிற்சி முகாம் முடிந்ததும் கொடுக்கும் 'மிக நன்று, நன்று, பரவாயில்லை' தாள்களால் எந்த மாற்றமும் வராததற்கு இதுவே பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். ஒப்பிட எதுவும் இல்லாத பாராட்டிலிருந்து ஒன்றும் கற்க முடியாது.

அந்த ஆய்வுகள் வெளிக்கொணர்ந்த செய்திகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, நேரம். ஒரு நிதிக்கு விண்ணப்பிப்பது, கேட்ட கேள்விகளுக்கு விளக்கம் தருவது, அறிக்கை எழுதுவது எல்லாவற்றுக்கும் ஓர் அமைப்பு மொத்தம் எத்தனை மணி நேரம் செலவிடுகிறது என்று கேட்டார்கள். கிடைத்த தொகையை அந்த நேரத்தால் வகுத்தார்கள். சிறு தொகையைக் கொடுத்துவிட்டுப் பெரிய தொகைக்குரிய காகித வேலையை வாங்கும் அறக்கட்டளைகள் அந்தக் கணக்கில் தப்ப முடியவில்லை. இரண்டாவது, ஆள். 2007இல் அந்த அமைப்பின் தலைவர் ஃபில் புக்கானனும் உடன்பணியாளர்களும் எழுதிய ஒரு கட்டுரை, ஒரே அறக்கட்டளைக்குள்ளேயே எந்தத் திட்ட அலுவலர் வாய்க்கிறார் என்பதைப் பொறுத்து அனுபவம் பெரிதும் மாறுபடுவதைக் காட்டியது. அறக்கட்டளைத் தலைவர்கள் தங்கள் நிறுவனத்துக்கு ஒரு பண்பு இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார்கள்; வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அங்கே நல்ல அதிகாரியும் கெட்ட அதிகாரியும்தான் தெரிந்தார்கள். 2010இல் வந்த அடுத்த ஆய்வு இன்னும் கூர்மையானது. நிதி பெறும் அமைப்பின் இலக்கைக் கொடுப்பவர் புரிந்துகொண்டாரா, பணத்துக்காக அந்த இலக்கையே மாற்றிக்கொள்ளும்படி நெருக்கினாரா என்ற இரண்டும்தான் உறவு நன்றாக இருப்பதையும் கெடுவதையும் பெரிதும் தீர்மானித்தன.

இதுவரை சொன்னது கொடுப்பவருக்கும் நடுவில் நிற்கும் தொண்டு நிறுவனத்துக்கும் இடையிலான பேச்சு. நடுவில் நிற்பவர் மகிழ்ச்சியாக இருப்பதும் கடைசியில் பெறுபவருக்கு நல்லது நடப்பதும் ஒன்றல்ல. தொண்டு நிறுவனத்திடம் எத்தனை கனிவாக நடந்துகொண்டாலும், அது கட்டிக்கொடுத்த வீட்டில் குடியிருக்க முடியாமல் போகலாம். இதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்குப் போனவர்கள் எல்லோரும் பார்த்த காட்சி ஒன்று உண்டு: சாலையோரங்களில் குவிந்து கிடந்த பழந்துணி மூட்டைகள். அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் லாரி லாரியாகத் துணி வந்தது. பிறர் உடுத்திக் கழித்த துணியை, துக்கத்தில் இருந்த நிலையிலும், மீனவர்கள் தொட மறுத்தார்கள். அனுப்பியவர்களின் அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. என்ன வேண்டும் என்று கேட்கும் வழிதான் இல்லை. சிஃப்ஸ் என்னும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் ஸ்நேகா அமைப்பும் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து நாகையில் ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை ஏற்படுத்தி, எந்த ஊருக்கு எது தேவை, அதை யார் தர முன்வந்திருக்கிறார்கள் என்று இணைக்கத் தொடங்கின. பல நிறுவனங்கள் தத்தம் பதாகையோடு நேரே ஊருக்குள் நுழைந்துகொண்டிருந்த காலத்தில் அது பெரிய காரியம்.

2006 ஜூலையில், பல நாட்டு நிதி நிறுவனங்களும் ஐ.நா. அமைப்புகளும் சேர்ந்து அமைத்த சுனாமி மதிப்பீட்டுக் கூட்டணி தன் தொகுப்பறிக்கையை வெளியிட்டது. உலகெங்கும் திரண்ட உதவி ஏறத்தாழ 1,350 கோடி டாலர். பாதிக்கப்பட்ட ஒருவருக்கு 7,000 டாலருக்கு மேல். அதே 2004இல் வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட ஒருவருக்குக் கிடைத்தது வெறும் 3 டாலர். பணப் பஞ்சம் எதற்கும் காரணமாகாத அபூர்வமான பேரிடர் அது. அப்படியிருந்தும் அறிக்கையின் முதன்மையான குற்றச்சாட்டு, உதவி நிறுவனங்கள் மக்களின் சொந்த முயற்சிகளுக்குத் துணை நிற்பதை விட்டுவிட்டுத் தாங்களே எல்லாவற்றையும் வழங்க ஓடின என்பதுதான். கட்டுமரம் இழந்தவருக்கு ஃபைபர் படகு வந்தது. தேவைக்கு மேல் படகுகள் வந்த கரைகள் உண்டு; ஒரு படகுகூட எட்டிப் பார்க்காத கரைகளும் உண்டு. தற்காலிகக் குடியிருப்புகளைத் தார் பூசிய தகட்டால் அமைத்தார்கள். சித்திரை வெயிலில் உள்ளே கால் வைக்க முடியவில்லை.

நிரந்தர வீடுகளின் கதை இன்னும் கற்பிப்பது. ஒரு கிராமத்தை முழுதாக ஒரு தொண்டு நிறுவனம் பொறுப்பேற்று ஒப்பந்தக்காரர் மூலம் வீடு கட்டித் தருவது பரவலான ஏற்பாடாக இருந்தது. தமிழகக் கடற்கரையில் இந்த மறுகட்டுமானத்தை ஆராய்ந்த மானுடவியலாளர் ஜெனிஃபர் டுயின் பாரன்ஸ்டைன், மனையைச் சமன் செய்ய வசதியாக மரங்கள் வெட்டப்பட்டதைப் பதிவு செய்தார். மீனவக் குப்பத்தில் மரநிழல் அலங்காரம் அல்ல. வலை சீர்செய்வது, மீன் பிரிப்பது, பிள்ளைகள் விளையாடுவது, வெக்கையில் கண்ணயர்வது எல்லாம் அங்கேதான். வீட்டுக்குள் வாழ்வதைவிட வீட்டுக்கு வெளியே வாழ்வது அதிகம். வரிசையாகப் போட்ட கான்கிரீட் கூரை வீடுகளின் வரைபடத்தில் அந்த 'வெளியே' இல்லை. அதை வரைந்தவர் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றுதான்: பகல் பொழுதை எங்கே கழிக்கிறீர்கள்?

அதே ஆய்வாளர், 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்துக்குப் பின் குஜராத்தில் நடந்த மறுகட்டுமான முறைகளை ஒப்பிட்டு 2006இல் வெளியிட்ட ஆய்வு இங்கே சேர்த்துப் படிக்க வேண்டியது. பணத்தையும் தொழில்நுட்ப உதவியையும் குடும்பத்தின் கையில் கொடுத்து அவர்களையே கட்டவிட்ட இடங்களில் மனநிறைவு மிக உயர்ந்திருந்தது. ஒப்பந்தக்காரரை வைத்துப் புது இடத்தில் ஊரையே எழுப்பிக் கொடுத்த இடங்களில் அது மிகத் தாழ்ந்திருந்தது. வீடு கட்டி முடித்த பிறகு எடுக்கும் எந்தக் கருத்தாய்வும் இந்த இரண்டாம் வகையினருக்கு உதவாது. முடிவு எடுக்கும் உரிமை முதலிலேயே கை மாறியிருந்ததுதான் முதல் வகையினரின் நிறைவுக்குக் காரணம்.

இந்த அனுபவம் இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. ஆய்வாளர் மேரி ஆண்டர்சனும் அவருடைய குழுவினரும் 2005 தொடங்கிச் சில ஆண்டுகள் 20 நாடுகளில் ஏறத்தாழ 6,000 பேரிடம், வினாத்தாள் இல்லாமல், உட்கார்ந்து பேசினார்கள். வெளி உதவி உங்கள் வாழ்வில் என்ன செய்தது என்பதே பேச்சு. 2012இல் நூலாக வந்த அந்தப் பேச்சுகளில் மக்கள் உதவியை வேண்டாம் என்று சொல்லவில்லை. பொருள் குறைவாக வந்தாலும் பரவாயில்லை, அவசரம் குறையட்டும், வருகிறவர்கள் எங்களோடு நேரம் செலவிடட்டும், என்ன செய்வது என்று எங்களோடு கலந்து முடிவெடுக்கட்டும் என்பதே நாடு மாறினாலும் மாறாமல் கேட்ட குரல்.

ஆனால் 'மக்களிடம் கேளுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போவதும் எளிதான வேலை. நாகையில் மக்களிடம் கேட்டவர்களும் இருந்தார்கள். ஊருக்குள் வந்ததும் அவர்கள் போய் நின்றது மீனவ ஊர்ப் பஞ்சாயத்தின் முன்னால். வந்த பொருளைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று சமமாகப் பங்கிட்டதில் அந்தப் பஞ்சாயத்துகள் பாராட்டத்தக்க நேர்மையைக் காட்டின. அதே வேளையில் அந்தக் கூட்டத்தில் பெண்களுக்கு இடம் இல்லை. தலைச்சுமையாக மீன் விற்ற கைம்பெண், கரையில் கூலி வேலை செய்த தலித் குடும்பம், உப்பு நீர் ஏறிய வயலின் விவசாயத் தொழிலாளி ஆகியோர் பட்டியலில் விடுபட்டது அன்றே பல அமைப்புகளால் பதிவு செய்யப்பட்டது. ஊரின் குரல் என்று காதில் விழுவது, ஊரில் பேச உரிமை பெற்றவர்களின் குரல். கேட்கப் போகிறவர் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணிடமும், ஊர் எல்லைக்கு அப்பாலுள்ள தெருவிலும் தனித்தனியாகக் கேட்கவில்லை என்றால், ஏற்கெனவே இருக்கும் ஏற்றத்தாழ்வுக்குத் தன் முத்திரையையும் குத்திவிட்டு வருகிறார்.

கேட்டால் பலன் உண்டா என்பதற்குச் சான்று என்ன? இந்தக் கேள்விக்கான ஆய்வுகளின் வேர் பெங்களூரில் இருக்கிறது. பொருளியலாளர் சாமுவேல் பால் 1990களின் தொடக்கத்தில் நகரவாசிகளிடம் குடிநீர், மின்சாரம், மருத்துவமனை போன்ற சேவைகளைப் பற்றிக் கேட்டு, பள்ளிப் பிள்ளைக்குத் தருவதுபோல் அரசு நிறுவனங்களுக்கு மதிப்பெண் அட்டை தயாரித்தார். 1994இல் வெளியான முதல் அட்டை செய்தியானது. ஆனால் பெரிய மாற்றம் வரவில்லை. 1999இல் இரண்டாவது அட்டை. அந்த ஆண்டே கர்நாடக முதல்வர் எஸ்.எம். கிருஷ்ணா நகர மேம்பாட்டுக்கென ஒரு பணிக்குழுவை அமைத்தார். 2003இல் மூன்றாவது அட்டை வந்தபோது மக்களின் திருப்தி கணிசமாக உயர்ந்திருந்தது. முதல் முறையும் மக்கள் உண்மையைத்தான் சொன்னார்கள். இடைப்பட்ட காலத்தில் புதிதாகச் சேர்ந்தது, அந்த உண்மைக்குப் பதில் சொல்லும் அதிகாரம் பெற்ற ஓர் இடம்.

இந்த மதிப்பெண் அட்டை உகாண்டாவுக்குப் போனது. மார்ட்டினா பியோர்க்மன், யாகோப் ஸ்வென்சன் என்ற இரு பொருளியலாளர்கள் ஒன்பது மாவட்டங்களில் 50 கிராமப்புற மருத்துவ நிலையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதியில் மட்டும் இதைச் செயல்படுத்தினார்கள். நிலையத்தின் செயல்பாடு பற்றிய தகவலை ஊராருக்குக் காட்டி, ஊராரையும் மருத்துவப் பணியாளர்களையும் ஒன்றாக உட்காரவைத்து, யார் எதை எப்போது சரிசெய்வது என்று எழுதிக்கொண்டார்கள். ஓராண்டு கழிந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு அந்த ஊர்களில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 2009இல் வெளியான இந்த முடிவு கொடையுலகில் பெரும் நம்பிக்கையை ஏற்படுத்தியது. பணம் அதிகம் தேவையில்லை, கேட்டாலே போதும் என்று பலர் எழுதினார்கள்.

பின்பு வந்தவை அந்த நம்பிக்கையைச் சோதித்தன. அதே குழுவினர் 2017இல் வெளியிட்ட தொடராய்வில், தகவல் எதையும் தராமல் கூட்டம் மட்டும் நடத்திய ஊர்களில் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் இல்லை. அங்கே மக்கள் முன்வைத்த கோரிக்கைகள் மருத்துவப் பணியாளரின் கையில் இல்லாதவை: மருந்து வேண்டும், நிதி வேண்டும், மேலிடம் கவனிக்க வேண்டும். தகவல் கிடைத்த ஊர்களில் பணியாளர் எத்தனை மணிக்கு வருகிறார் என்பது போன்ற, அங்கேயே சரிசெய்யக்கூடிய குறைகள் பேசப்பட்டன. அடுத்து 376 மருத்துவ நிலையங்களில், 16 மாவட்டங்களில், வேறு ஆய்வாளர்கள் இதே யோசனையைப் பெரிய அளவில் சோதித்தார்கள். சிகிச்சையின் தரமும் நோயாளிகளின் திருப்தியும் சிறிதளவு கூடின. குழந்தை இறப்பு குறையவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் உகாண்டாவில் குழந்தை இறப்பு பொதுவாகவே வெகுவாகக் குறைந்துவிட்டிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும்.

இந்த ஆய்வுகளை அடுக்கிப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது: எந்த முடிவு மாற்றத்துக்குத் திறந்திருக்கிறது என்று கொடுப்பவர் முன்கூட்டியே தீர்மானித்துச் சொல்லாத இடத்தில், கருத்துக் கேட்பது சடங்காகவே முடிகிறது. வீட்டின் வரைபடம் முடிவாகிவிட்டது, ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, சுவரின் நிறத்தை மட்டும் நீங்கள் சொல்லலாம் என்றால், அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. எல்லாவற்றையும் கேட்பதுபோல் கேட்டுவிட்டு எதையும் மாற்றாமல் போவது, கேட்காமலே இருப்பதைவிடக் கெடுதல். அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கேள்வியின் தன்மையும் முக்கியம். கேட்ஸ் அறக்கட்டளை நிதியில் அமெரிக்காவில் ஏறத்தாழ 3,000 ஆசிரியர்களை வைத்து நடந்த ஆய்வில், மாணவர்களிடம் ஆசிரியரைப் பிடிக்கிறதா என்று கேட்கவில்லை. வகுப்பு ஒழுங்காக நடக்கிறதா, நேரம் வீணாகிறதா, உன்னைக் கடினமாக யோசிக்க வைக்கிறாரா என்று, அவர்கள் கண்ணால் கண்டதைக் கேட்டார்கள். அந்தப் பதில்கள், எந்த ஆசிரியரிடம் பிள்ளைகள் அதிகம் கற்றார்கள் என்ற தேர்வுக் கணக்கோடு இயைந்து வந்தன. பதின்ம வயதுப் பிள்ளைகளின் சாட்சியம் நம்பத்தக்கது என்றால், பெரியவர்களின் சாட்சியத்தை 'அவர்களுக்கு என்ன தெரியும்' என்று தள்ளிவிட இடமில்லை.

இன்னும் ஆழமான கேள்வியையும் பெறுபவர்களிடம் கேட்கலாம் என்பதற்குக் கென்யாவிலும் கானாவிலும் 2019இல் நடந்த ஆய்வு சான்று. உலகெங்கும் கொடையாளர்களுக்குப் பரிந்துரை செய்யும் கிவ்வெல் என்ற அமைப்பு, ஒரு குழந்தையின் உயிரைக் காப்பதையும் ஓர் ஏழைக் குடும்பத்தின் வருமானத்தை உயர்த்துவதையும் எப்படி ஒரே தராசில் வைப்பது என்பதை அதுவரை பெரும்பாலும் தன் அலுவலர்களின் மதிப்பீட்டைக் கொண்டே முடிவு செய்துவந்தது. ஐடிஇன்சைட் என்ற ஆய்வு நிறுவனம் அந்த இரு நாடுகளிலும் வறுமையில் வாழும் சுமார் 1,800 பேரிடம் இதே தேர்வை முன்வைத்தது. அவர்கள் உயிருக்கு, குறிப்பாக ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் உயிருக்கு, அலுவலர்கள் கொடுத்ததைவிடக் கூடுதல் மதிப்பைக் கொடுத்தார்கள். எவ்வளவு பணம் சொன்னாலும் உயிரின் பக்கமே நின்றவர்களும் கணிசமானோர். அதன்பின் கிவ்வெல் தன் கணக்கில் அந்த மக்களின் மதிப்பீட்டுக்கும் ஒரு பங்கு கொடுத்தது. சேவை நன்றாக இருந்ததா என்று கேட்பதைத் தாண்டி, எது நல்லது என்பதையே அவர்களிடம் கேட்ட அரிய முயற்சி என்று இதைக் கருதுகிறேன்.

இந்தியாவில் இப்போது கொடையின் கணிசமான பகுதி சட்டத்தின் வழியே வருகிறது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடச் சொல்கிறது. 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட விதிகளின்படி, ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ இப்படிச் செலவிட வேண்டிய நிறுவனம், 1 கோடியும் அதற்கு மேலும் செலவான திட்டங்கள் முடிந்து ஓராண்டு கழித்து அவற்றின் தாக்கத்தை வெளியார் ஒருவரைக் கொண்டு மதிப்பிட வேண்டும். வெளியார் என்ற நிபந்தனை சரியானது. ஓராண்டு கழித்து என்பதும் சரியானது, ஏனென்றால் திறப்பு விழா அன்று எல்லாக் கழிப்பறையிலும் தண்ணீர் வரும். ஆனால் அந்த அறிக்கை யாருக்குப் போக வேண்டும் என்று விதி சொல்வதைப் பாருங்கள்: நிறுவனத்தின் இயக்குநர் குழு முன் வைக்க வேண்டும், ஆண்டறிக்கையோடு இணைக்க வேண்டும். திட்டம் நடந்த ஊரின் பெயரே விதியில் பேசப்படவில்லை.

இதற்குப் பணம் ஒரு தடையே அல்ல. 2022 செப்டம்பர் திருத்தத்துக்குப் பின், மொத்தச் சமூகப் பொறுப்புச் செலவில் 2 சதவீதம் அல்லது 50 லட்சம் ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதுவரை மதிப்பீட்டுக்குச் செலவிடலாம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. மதிப்பீட்டாளரை அமர்த்தும்போதே மூன்று நிபந்தனைகளை எழுதிவிடலாம்: பெண்களிடமும் ஊருக்கு வெளியே உள்ள குடியிருப்புகளிலும் தனியாகக் கேட்க வேண்டும், அறிக்கையின் தமிழ் வடிவம் ஊராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும், அடுத்து வரும் கிராம சபையில் நிறுவனத்தின் சார்பில் ஒருவர் வந்து, நீங்கள் சொன்னவற்றில் எதை மாற்றுகிறோம், எதை மாற்றவில்லை, ஏன் என்று நின்று பதில் சொல்ல வேண்டும். கிராம சபையிலும் வாய் திறக்க முடியாதவர்கள் இருப்பார்கள் என்பது உண்மை. அதற்காகத்தான் முதல் நிபந்தனை. இதைச் செய்யச் சட்டத் திருத்தம் எதற்கும் ஒரு நிறுவனம் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த ஒப்பந்தத்தில் மூன்று வரி சேர்த்தால் போதும்.